திருக்கணிதம் என்னும் சொல்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறப் பஞ்சாங்க வழக்கும் சமய–அறிவியல் உறவும்

1. முன்னுரை

சமய நம்பிக்கையும் அறிவியலும் ஒன்றோடொன்று இணங்குமா என்னும் வினா பெரும்பாலும் ஐரோப்பிய வரலாற்றை முன்வைத்தே எழுப்பப்படுகிறது. கலீலியோ மீதான வழக்கும் டார்வினின் நூல் எழுப்பிய எதிர்ப்பும் அதற்குரிய சான்றுகளாகக் காட்டப்படுகின்றன. தமிழ் வழங்கும் நிலப்பகுதியில் இவ்வினா எவ்வடிவில் எழுந்தது, எச்சொற்களால் பேசப்பட்டது என்பது தனியே ஆராயத்தக்கது. அதற்குப் பஞ்சாங்கம் சிறந்த களமாக அமைகிறது. வானியற் கணக்கும் வழிபாட்டு நெறியும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்த பத்திகளாக அச்சாகும் நூல் அது ஒன்றே எனலாம்.

2022ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி நிகழ்ந்த ஒரு நிர்வாக மாற்றத்தை இங்குத் தொடக்கமாகக் கொள்ளலாம். திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசு பொங்கலுக்கென உள்ளூர் விடுமுறை அளித்து வருகிறது. அவ்வாண்டு அவ்விடுமுறை ஜனவரி 15ஆம் நாளுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டிலோ பொங்கல் ஜனவரி 14ஆம் நாள். தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கேரள முதலமைச்சர் பினராயி விஜயனுக்குக் கடிதம் எழுதியதைத் தொடர்ந்து விடுமுறை 14ஆம் நாளுக்கு மாற்றப்பட்டது. ஒரே ஞாயிறு ஒரே கணத்தில் மகர இராசியில் நுழைகிறது. ஆயினும் மலைத்தொடரின் இருபுறமும் மாதப் பிறப்பு இரு நாள்களில் அமைகிறது. இது கணிப்புப் பிழையா, நம்பிக்கை வேறுபாடா, இரண்டுமன்றி வேறொன்றா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாய்வில் சொற்களின் வரலாறு முதன்மை இடம் பெறுகிறது.

2. ஒரு ஞாயிறு, இரு முதல் நாள்கள்

1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பின்போது, திருவிதாங்கூர்த் தமிழர் கோரிய தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திலேயே அமைந்தன. அவை இன்று 1972இல் உருவான இடுக்கி மாவட்டத்தின் பகுதிகள். அதுவரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பாலக்காடு 1957இல் தனி மாவட்டமாயிற்று. மூணாறு, மறையூர், வட்டவடை, குமுளி முதலிய மலைப்பகுதிகளிலும், சித்தூர் வட்டம், கல்பாத்தி முதலிய சமவெளிப் பகுதிகளிலும் வாழும் தமிழர் இரு நாள்காட்டிகளை ஒருசேரக் கையாள்கின்றனர். மாநிலப் பொதுவழக்கில் கொல்லம் ஆண்டு வழங்குகிறது. வீட்டுச் சடங்குகளில் தமிழ் மாதம் வழங்குகிறது.

இரண்டும் ஞாயிற்று மாதங்களே. ஞாயிறு மேட இராசியில் நிற்கும் மாதத்தை மலையாளம் 'மேடம்' என இராசியின் பெயராலேயே சுட்டுகிறது. தமிழோ அதனைச் 'சித்திரை' என்கிறது. சித்திரை என்பது முழுநிலவு தோன்றும் நாள்மீனின் பெயர். அதாவது ஞாயிற்றின் மாதத்திற்குத் தமிழ் நிலவின் வழிவந்த பெயரை இட்டுள்ளது. ஒரே பொருளுக்கு வழங்கும் இவ்விரு பெயர்களும் இருவேறு வானியல் நோக்குகளின் எச்சங்கள் எனலாம்.

மாதத்தின் முதல் நாளை வரையறுக்கும் விதியிலும் வேறுபாடு உண்டு. இராபர்ட் சூவெல், சங்கர பாலகிருஷ்ண தீட்சிதர் ஆகிய இருவரும் 1896இல் வெளியிட்ட இந்திய நாள்காட்டி பற்றிய ஆய்வு நூல் இவ்விதிகளைத் தொகுத்துரைக்கிறது. தமிழ் வழக்கில், ஞாயிறு இராசி மாறும் கணம் அன்றைய மறைவுக்கு முன் நிகழ்ந்தால் அந்நாளே மாதத்தின் முதல் நாள். மறைவுக்குப் பின் நிகழ்ந்தால் மறுநாள். மலையாள வழக்கில் எல்லை மறைவன்று. பகற்பொழுதின் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது எழுச்சியிலிருந்து 18 நாழிகை. காலை ஆறு மணிக்கு ஞாயிறு எழுவதாகக் கொண்டால் அது பிற்பகல் 1 மணி 12 நிமிடம். இராசி மாற்றம் 1.12க்கும் மாலை ஆறு மணிக்கும் இடையே நிகழுமாயின் தமிழர்க்கு அன்றே மாதப்பிறப்பு, மலையாளிகளுக்கு மறுநாள். இவ்விடைவெளி ஒரு நாளில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே, ஐந்து மாதப்பிறப்புகளில் ஏறத்தாழ ஒன்று இவ்வாறு வேறுபடும் என்பது எளிய கணக்கு.

2022 ஜனவரி 14ஆம் நாள் மகர சங்கராந்தி பிற்பகல் இரண்டரை மணியை ஒட்டி நிகழ்ந்தது. அது இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நேரம். 2023ஆம் ஆண்டிலும் இதே நிலையைக் காண்கிறோம்: சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 14ஆம் நாளும், விஷு ஏப்ரல் 15ஆம் நாளும் அமைந்தன. ஒரே சங்கராந்தி ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆறு மணி பத்து நிமிடம் பிந்தி நிகழ்வதால், பெரும்பாலான நான்காண்டுச் சுழற்சிகளில் ஓராண்டில் இவ்வேறுபாடு எழுவது இயல்பே.

இங்கு எவர் கணக்கும் தவறன்று. ஞாயிற்றின் நிலை பற்றி இரு சாராரும் ஒன்றையே சொல்கின்றனர். எக்கணத்தை நாளின் எல்லையாகக் கொள்வது என்பதில்தான் வேறுபடுகின்றனர். இது மரபு சார்ந்த உடன்பாடு. இலக்கணத்தில் வழக்கு என்று சொல்லப்படுவது போன்றது. எல்லைக் கோட்டின்மேல் அமைந்த மங்கலதேவி கண்ணகி கோயிலில் சித்திரை முழுநிலவு நாளன்று இத்தகைய முரண் எழுவதில்லை. முழுநிலவு ஒரு வானியல் நிகழ்வு. மாதத்தின் முதல் நாளை நிறுவும் விதி அதனைத் தொடுவதில்லை. தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடி அவ்வொரு நாள் விழாவை நடத்தி வருகின்றன.

3. வாக்கியம்: சொல்லாக மாறிய எண்

தமிழ்நாட்டில் வழங்கும் பழைய பஞ்சாங்க முறை 'வாக்கியம்' எனப்படும். இலக்கணத்தில் வாக்கியம் என்பது சொற்றொடர். சமய நூல்களில் சான்றோர் மொழி. கணியர் வழக்கிலோ எண்ணைக் குறிக்கும் தொடர். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. நிலவின் வேக மாற்றச் சுழற்சி ஒன்பது முறை நிறைவுறும் காலம் ஏறத்தாழ 248 நாள்கள் என்பதே அத்தொகைக்குக் காரணம். ஒவ்வொரு நாளுக்கும் நிலவின் நிலையைக் குறிக்கும் எண், கடபயாதி முறையில் மெய்யெழுத்துகளால் பொருளுள்ள ஒரு வடமொழித் தொடராக அமைக்கப்பட்டது. கணியன் தொடரை மனப்பாடம் செய்கிறான். வேண்டும்போது அதனை எண்ணாக மாற்றிக்கொள்கிறான்.

மொழியியலார் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். கடபயாதி முறையில் ககர வருக்கத்தின் நான்கு வெடிப்பொலிகளும் முறையே 1, 2, 3, 4 என்னும் எண்களைக் குறிக்கும். தமிழ் எழுத்தில் அந்நான்கிற்கும் 'க' ஒன்றே வரிவடிவம். தமிழ் எழுத்தில் வாக்கியத்தை எழுதினால் எண் அழிந்துவிடும். தமிழ்நாட்டுக் கணியர் கிரந்த எழுத்தையும் செவிவழிப் பயிற்சியையும் சார்ந்திருந்தமைக்கு இது ஒரு காரணமாதல் வேண்டும். வாக்கியத்தின் உரு மாறாமல் ஓதும் ஒழுக்கம் சமய ஒழுக்கம் போலத் தோன்றினும், அதன் அடிப்படை எண்ணின் காப்பே.

இதன் வலிமையையும் வரம்பையும் வேற்று நாட்டார் குறித்துள்ளனர். வெள்ளியின் இடைநகர்வைக் காணப் புறப்பட்டுப் புதுச்சேரியில் 1768 முதல் 1770 வரை தங்கியிருந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தீல், 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த நிலவு மறைப்பின் கால அளவைத் தமிழ்க் கணியர் முறை 41 விநாடி குறைவாகத் தந்தது எனவும், ஐரோப்பாவில் சிறந்தவையெனக் கருதப்பட்ட மேயரின் அட்டவணைகள் 68 விநாடி மிகுதியாகத் தந்தன எனவும் பதிவு செய்தார். 1825இல் சென்னையில் காலசங்கலிதம் என்னும் நூலை வெளியிட்ட ஜான் வாரன், தரையில் சோழிகளை வைத்து மனப்பாடத் தொடர்களைக் கொண்டே கிரகணம் கணித்த ஒரு தமிழ்க் கணியரைப் பற்றி எழுதினார். அம்முறையின் கோட்பாடு அக்கணியருக்குத் தெரியவில்லை என்றும் அவர் குறித்தார். காரணம் மறக்கப்பட்டு வாய்பாடு மட்டும் எஞ்சும்போது அறிவியல் நம்பிக்கையின் வடிவத்தை மேற்கொள்கிறது என்பதற்கு இது சான்று.

4. நிளைக்கரையில் கண்ட வழி

வாக்கிய முறை தமிழ்நாட்டிற்குக் கேரளத்துடன் உறவுடைய மரபின் வழி வந்தது. அம்மரபின் நடுவிடம் பாரதப்புழை எனப்படும் நிளையாற்றின் கரை. ஆனைமலைப் பக்கத்தில் தோன்றும் அவ்வாறு பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே பாய்ந்து பொன்னானியருகே கடலில் கலக்கிறது. அதன் கீழ்க்கரையில், திரூரை அடுத்த ஆலத்தியூரிலும் திருக்கண்டியூரிலும் பரமேசுவரர், நீலகண்ட சோமயாஜி, அச்சுத பிசாரடி ஆகியோர் வாழ்ந்தனர்.

அரிதத்தர் கி.பி. 683இல் நிறுவியதாகக் கூறப்படும் பரகித முறை பல நூற்றாண்டுகள் வழங்கியது. அதன் முடிவுகள் வானத்தோடு பொருந்தாமற்போனதைப் பரமேசுவரர் கண்டார். ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்நிலைகளையும் நோக்கி, 1431இல் 'திருக்கணிதம்' என்னும் புதிய முறையை வகுத்தார். பழையது ஒழிக்கப்படவில்லை. சாதகம் முதலிய கணிப்புகளுக்குப் புதிய முறையும், நற்பொழுது குறித்தல் முதலிய சடங்குகளுக்குப் பரகிதமும் எனப் பயன்பாடு பகிர்ந்துகொள்ளப்பட்டது.

இவ்வுறவுக்குக் கோட்பாட்டு விளக்கம் தந்தவர் நீலகண்ட சோமயாஜி (1444–1544). சோம வேள்வி செய்தவர் என்பதைப் பெயரே காட்டும். அவர் இயற்றிய சோதிர்மீமாம்சை என்னும் நூல் 1504ஆம் ஆண்டினது, கே. வி. சர்மா 1977இல் அதனைப் பதிப்பித்தார். அதில் இரு கருத்துகள் நம் வினாவோடு நேரடியாகத் தொடர்புடையவை.

முதலாவது, இறையருள் பற்றியது. ஆரியபட்டர் இறையருளால் தம் நூலை இயற்றினார் என்னும் மரபை நீலகண்டர் மறுக்கவில்லை. ஆயின், தெய்வம் நேரில் தோன்றிக் கணக்கைக் கற்பித்தது என்று அதற்குப் பொருளன்று. அருள் அறிவைத் தெளிவிக்கும், ஆராய்ச்சியை மனிதனே செய்தல் வேண்டும் என்கிறார். இரண்டாவது, நூல்களின் முரண் பற்றியது. சித்தாந்தங்கள் ஒன்றோடொன்று மாறுபட்டால் சடங்குகள் தவறான காலத்தில் நிகழ்ந்து பயனின்றிப் போகுமே என்று கலங்குபவனை நோக்கி, கலங்க வேண்டா, கிரகணம் முதலியவற்றைக் கருவிகொண்டு நோக்கிச் சோதித்துத் திருத்துக என்கிறார். இங்குத் திருத்தத்தைத் தூண்டுவதே சமயத் தேவைதான். சடங்குக்கு உண்மையான காலம் வேண்டும். ஆகவே பழைய நூலை விடக் கண்ணுக்கு முதன்மை தரவேண்டும். நம்பிக்கை அறிவியலைப் பொறுத்துக்கொண்டது என்பதைக் காட்டிலும், நம்பிக்கையே அறிவியலை வேண்டியது என்பது பொருந்தும்.

இம்மரபு மலைக்கு மேற்கே மட்டும் நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்திற்கு அடிப்படையான வாக்கியகரணம் என்னும் நூலுக்கு உரை எழுதிய சுந்தரராசர் தமிழ்நாட்டவர், நீலகண்டரின் காலத்தவர். அவர் தம் ஐயங்களை நீலகண்டருக்கு அனுப்பி விடை பெற்றார். அவ்வினா-விடை நூல் இன்று கிடைக்கவில்லை. தம் உரையில் அவர் நீலகண்டரைப் போற்றுவதே சான்றாக எஞ்சியுள்ளது. வாக்கியகரணத்தை அவ்வுரையுடன் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 1962இல் சென்னையில் பதிப்பித்தனர்.

இலக்கியத்திலும் இவ்விணைப்பைக் காணலாம். அச்சுத பிசாரடியிடம் இலக்கணம் பயின்றவர் மேல்பத்தூர் நாராயண பட்டதிரி. குருவாயூரப்பனைப் போற்றும் அவரது நாராயணீயத்தின் இறுதித் தொடர் உடல்நலம் வேண்டும் வாழ்த்து. அதையே கடபயாதி முறையில் எண்ணாக்கினால் 1712210 என்னும் கலிநாள் கிடைக்கும், அது கி.பி. 1586ஆம் ஆண்டின் இறுதிப்பகுதி. வேண்டுதலும் நாட்கணக்கும் ஒரே தொடராக நிற்கின்றன. மொழிபெயர்ப்பில் வேண்டுதலைக் கொண்டுவரலாம். எண்ணைக் கொண்டுவர இயலாது.

5. வட்டுக்கோட்டை, 1829

நிளைக்கரையில் எழாத மோதல் அதே வாக்கிய மரபு வழங்கிய யாழ்ப்பாணத்தில் எழுந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் டானியல் பூவர், ஐரோப்பிய வானியலைப் பாடமாக்கினார். 1829 மார்ச்சு மாதத்து நிலவு மறைப்பு பற்றி அராலி விசுவநாத சாத்திரியார் கணித்த பஞ்சாங்கத்தில் பிழையிருப்பதாகப் பூவர் முன்னறிவித்தார். கிரகணம் பூவரின் கணக்குப்படியே நிகழ்ந்தது. கணிப்பில் பிழையெனின் புராண உலகக் கொள்கையும் பிழை, எனவே சமயமும் பிழை என்பது மிஷனரிமார் கொண்ட வாதப் போக்கு.

இவ்வாதத்தின் குறை தெளிவு. பஞ்சாங்கக் கணக்கு புராணத்திலிருந்து பெறப்பட்டதன்று. சித்தாந்த மரபிலிருந்து பெறப்பட்டது. புவி உருண்டை என்பதும், மறைப்பு நிழலால் நிகழ்வது என்பதும் அம்மரபில் முன்னரே உள்ளவை. மேலும், கிரகண நேரத்தில் நேர்ந்த பிழையைத் திருத்தச் சமயத்தைக் கைவிட வேண்டியதில்லை என்பதை நீலகண்டர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தார்.

எனினும், மோதலின் விளைவு மொழிக்கு ஆக்கமாயிற்று. பூவருக்குப் பின் செமினரித் தலைவரான ஹொய்சிங்டன், தமிழில் அமைந்த வானியற் கணித நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்புடனும் விளக்கக் குறிப்புகளுடனும் 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். மறுக்க வந்த மரபை மொழிபெயர்க்க நேர்ந்தபோது, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

6. 'த்ருக்' 'திரு' ஆன வரலாறு

சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874ஆம் ஆண்டு வெள்ளி இடைநகர்வை விளக்கி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் சிறுநூல் வெளியிட்டார். ஆய்வகத் தரவுகளைக் கொண்டு அவர் வெளியிட்ட திருக்கணிதப் பஞ்சாங்கம் தமிழ்நாட்டுச் சீர்திருத்த இயக்கத்திற்கு வழிகோலியது. வடகலை, தென்கலை வேறுபாடு போல வாக்கியம், திருக்கணிதம் என்னும் வேறுபாடும் அதன் பின்னர்த் தமிழ்நாட்டில் நிலைபெற்றது.

இங்குச் சொல்லை நோக்க வேண்டும். வடமொழியில் 'த்ருக்' என்பது கண், பார்வை. 'த்ருக்கணிதம்' என்பது கண்ணால் கண்டு சரிபார்த்த கணிதம். மொழி முதலில் மெய்ம்மயக்கத்தை ஏற்காத தமிழ், இடையில் உயிரை இட்டுத் 'திருக்கணிதம்' என்றாக்கியது. அவ்வாறு ஆனதும் தமிழ்ச் செவிக்கு அது 'திரு' என்னும் அடைபெற்ற சொல்லாயிற்று. திருக்கோயில், திருக்குறள், திருக்கணிதம் என ஒரே வரிசையில் வைத்துப் புனிதமான கணிதம் எனப் பொருள் கொள்வோர் பலர். ஐம்புலன்களுள் ஒன்றைச் சான்றாகக் காட்டும் சொல், ஒலிமாற்றத்தால் அருள் சான்ற சொல்லாயிற்று. அதற்கு எதிரான 'வாக்கியம்' கேட்டதையும், 'த்ருக்' கண்டதையும் சுட்டுவன. கேள்வியும் காட்சியும் என்னும் அவ்வெதிர்நிலை தமிழ் வடிவில் மறைந்துபோயிற்று.

இவ்வேறுபாடு இன்றும் நடைமுறையில் உண்டு. 2023இல் சனி கும்ப இராசிக்குப் பெயர்ந்த நாள் திருக்கணிதப்படி ஜனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றுக் கோயிலில் பெயர்ச்சி விழா நடந்தது டிசம்பர் 20. இடைவெளி பதினொரு மாதம். இராசியின் தொடக்கப்புள்ளி உடன்பாடே எனினும், கோளின் நிலை உடன்பாடன்று. 2020 டிசம்பர் 21ஆம் நாள் வியாழனும் சனியும் பத்தில் ஒரு பாகை இடைவெளியில் நின்றன. அதற்கு விடைசொல்ல எக்கணக்கும் கடமைப்பட்டது.

1952இல் மேகநாத சாகாவின் தலைமையில் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை தந்தது. இரவும் பகலும் ஒத்த நாளை அடுத்துத் தொடங்கும் சக ஆண்டு 1957 மார்ச்சு 22 முதல் அரசு வழக்கிற்கு வந்தது. சமய விழாக்களுக்கோ நாள்மீன் சார்ந்த இராசிகளையே, தற்கால வானியற் கணிப்புடன் கொள்ளப் பரிந்துரைத்தனர். சமயச் சார்பற்ற இயற்பியலாளரான சாகாவின் குழு, ஏறத்தாழ பரமேசுவரரின் பகிர்வுக்கே வந்து சேர்ந்தமை கருதத்தக்கது. ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் தமிழ், மலையாளம் உட்படப் பல மொழிகளில் வெளிவருகிறது.

7. மூவகைக் கூற்றுகள்

மேற்கண்டவற்றிலிருந்து பஞ்சாங்கத்தின் கூற்றுகளை மூவகையாகப் பகுக்கலாம். ஒன்று, கோள் எங்கு உள்ளது என்பது. இது கண்டு சரிபார்க்கத்தக்கது. இரண்டு, எக்கணத்தில் நாளும் மாதமும் தொடங்குகின்றன என்பது. இது சமுதாய உடன்பாடு. மூன்று, அந்நாளில் செய்யத்தக்கது யாது என்பது, இது நம்பிக்கை. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் எழும் நாள் வேறுபாடு இரண்டாம் வகையினது. வாக்கியம், திருக்கணிதம் என்னும் பூசல் முதல் வகையினது. வட்டுக்கோட்டை மிஷனரிமார் முதல் வகைப் பிழையைக் கொண்டு மூன்றாம் வகையை மறுத்தனர். அவரை எதிர்த்தோரில் ஒரு சாரார் மூன்றாம் வகையின் மதிப்பைக் கொண்டு முதல் வகையைக் காக்க முயன்றனர். இரண்டும் ஒரே மயக்கத்தின் இருபுறங்கள்.

ஆயினும், இப்பகுப்பு எல்லாவற்றையும் இணக்கமாக்கிவிடும் எனல் இயலாது. கோள்நிலை மனிதனின் வாழ்நாளையும் செல்வத்தையும் தீர்மானிக்கும் என்னும் பலன் கூற்று மூன்றாம் வகையில் ஒளிந்துகொள்ள முடியாது. அது நிகழ்வு பற்றிய கூற்று, ஆகவே முதல் வகைக்குரிய சோதனைக்கு உட்பட்டது, அச்சோதனையில் நிற்கவில்லை. வழிபடுவோனின் பொங்கலை அறிவியல் மறுக்க வேண்டியதில்லை. பலன் கூறுவோனின் கணிப்பை மறுக்கவே வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதனால் ஒரு கடமை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழில் 'சாஸ்திரம்' என்னும் சொல் வேதசாஸ்திரத்தையும் இரசாயன சாஸ்திரத்தையும் ஒருங்கே குறித்தது. பின்னர் விஞ்ஞானம், அறிவியல் என்பன வந்தபோது சமய நூலுக்குச் சாத்திரம் என்பதும், இயற்கை ஆய்வுக்கு அறிவியல் என்பதும் பிரிந்தன. 'சோதிடம்' என்பதோ கணிதம், சங்கிதை, ஓரை என்னும் மூன்று உறுப்புகளையும் பழங்காலத்தில் தழுவியது. இன்று ஓரையாகிய பலன் கூறலை மட்டுமே சுட்டுகிறது. நீலகண்டரின் நூற்பெயரைச் 'சோதிட ஆராய்ச்சி' எனத் தமிழாக்கினால், பலன் கூறும் நூல் எனப் படிப்போர் கொள்வர். 'வானியல் அளவை ஆய்வு' என்பது நூலின் பொருளுக்கு நெருக்கமானது. அவ்வாறே 'திருக்கணிதம்' வருமிடங்களில் முதன்முறையேனும் 'காட்சிக் கணிதம்' என்னும் விளக்கம் உடன்வருதல் நலம்.

8. முடிவுரை

சமயமும் அறிவியலும் இணங்குமா என்னும் வினாவுக்கு இவ்வெல்லைப்புற வழக்கு தரும் விடை, எக்கூற்று எவ்வகையினது என்று முதலில் தெளிந்து கொள்க என்பதாகும். நிளைக்கரைக் கணியர் அவ்வாறு தெளிந்தமையால் தம் வேள்வியையும் கைவிடவில்லை, வானத்தை நோக்குவதையும் விடவில்லை. தெளிவு குறைந்த இடங்களில் பூசல் எழுந்தது. சொற்கள் அக்குறையை மறைத்தன. ராசிமாற்றம் பிற்பகலில் நிகழும் ஆண்டுகள் இனியும் வரும். அப்போதும் பாலக்காட்டிலும் தேவிகுளத்திலும் வாழும் தமிழர்க்கு விடுமுறை எந்நாள் என்னும் வினா எழும். இரு அரசுகளின் நாள்காட்டிக் குழுவினர் தத்தம் முதல்நாள் விதியை ஒரு வரியில் அச்சிட்டுவிட்டால், கடிதப் போக்குவரத்துக்கே இடமிராது.